"இன்னும் எடுப்பாக வேண்டும்" என்பதை ஓவியருக்கு எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி: மரவேலையாள்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் சேர்ந்து மரச்சாமான்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். இதுநாள் வரை பெயரை மட்டும் எழுதிக் காலம் தள்ளிய நாங்கள், முறையான லோகோ ஒன்று வேண்டுமென்று முடிவு செய்து ஓவியர் ஒருவரிடம் பணியை ஒப்படைத்திருக்கிறோம். அவர் கைதேர்ந்தவர், பொறுமையானவரும்கூட. ஆயினும் நான்கு முறை வரைந்த பிறகும் வேலை முடிந்தபாடில்லை.

முதல் வரைவில் வேரோடு கூடிய ஒரு மரமும் அதன் அடியில் எங்கள் பெயரும் இருந்தன. "நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் எடுப்பாக வேண்டும்" என்று எழுதினேன். அவர் பச்சையை அடர்த்தியாக்கி அனுப்பினார். நான் நினைத்தது அதுவன்று என்பதால் மறுபடியும் அதையே சொன்னேன், மரத்தைப் பெரிதாக்கினார். மூன்றாம் முறை எழுத்துகளைத் தடிமனாக்கினார். நான்காம் முறை இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது, முதல் வரைவில் இருந்த அழகும் போய்விட்டது. "கான்ட்ராஸ்டைக் கூட்டவா, வெற்றிடத்தைக் கூட்டவா, எழுத்தின் கனத்தைக் கூட்டவா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கடைசி மடலில் அவர் கேட்டிருக்கிறார். ரேகையைப் பார்த்தே ஒரு பலகை எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, கண்முன் இருக்கும் படத்தில் எது உறுத்துகிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

தொழில் நடத்துபவர் ஒருவர் ஓவியத்துறைச் சொற்களை எந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கோட்டோவியன்

பல ஆண்டுகளாக லோகோ வரைந்து பிழைப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சிக்கலில் பாதிப் பொறுப்பு எங்களைப் போன்றவர்களுடையது. உங்கள் ஓவியர் கடைசி மடலில் கேட்ட கேள்வியை முதல் வரைவுக்குப் பிறகே கேட்டிருந்தால் மூன்று வரைவுகள் மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் சொன்ன "எடுப்பு" பிழையான சொல்லன்று. ஆனால் அது பார்ப்பவர் மனத்தில் நேரும் விளைவைச் சொல்கிறதே தவிர, அந்த விளைவு தாளில் எதனால் உண்டாகிறது என்பதைச் சொல்வதில்லை. அவர் கேட்ட மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்கள்.

கான்ட்ராஸ்ட், அதாவது அருகருகே உள்ளவை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டுத் தெரிவது, என்பதை எடுத்துக்கொள்வோம். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு நிறத்தையும் மூன்று கூறுகளாகப் பிரித்தார். அது சிவப்பா பச்சையா என்பது ஒன்று, எவ்வளவு வெளிர்ந்தது அல்லது இருண்டது என்பது இன்னொன்று, எவ்வளவு செறிவானது என்பது மூன்றாவது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். கண்ணோ ஒரு வடிவத்தை அதன் பின்னணியிலிருந்து பிரித்தறிய இரண்டாவதையே அதிகம் நம்பியிருக்கிறது. உங்கள் லோகோவில் பச்சை இலைகளும் பழுப்புத் தண்டும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டால் குறை அங்கேதான் இருக்கிறது. பச்சையின் செறிவை எவ்வளவு கூட்டினாலும் அது பெரிதாகத் தீராது.

அடுத்தது வெற்றிடம். எங்கள் துறையில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்போம். ஃபெடெக்ஸ் நிறுவனத்துக்காக லிண்டன் லீடர் 1994இல் வடிவமைத்த லோகோவில், பெரிய ஈ எழுத்துக்கும் அடுத்துள்ள எக்ஸ் எழுத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை அம்புக்குறி இருக்கிறது. அதை யாரும் தனியே வரையவில்லை. இரண்டு எழுத்துகளின் உருவங்களைச் செதுக்கி, இடையில் மிஞ்சும் வெளியே அம்பாகும்படி செய்திருக்கிறார்கள். உலக இயற்கை நிதியத்தின் பாண்டாவும் அப்படியே. இன்று நாம் காணும் வடிவத்தில் தலைக்கும் முதுகுக்கும் மேல்கோடே கிடையாது, கறுப்புத் திட்டுகளை வைத்துக்கொண்டு மீதியை நம் கண்ணே பூர்த்தி செய்துகொள்கிறது. கண்ணின் இந்தப் பழக்கத்தைக் கெஸ்டால்ட் உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். "மரத்தைச் சுற்றி மூச்சுவிட இடமில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தால், துறைச்சொல் ஒன்றும் இல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும்.

எழுத்தின் கனம் என்பது கோட்டின் தடிமன்தான். அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

பதில்: அச்சுமை

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அச்சகத்தில் நிற்பவனுக்கு முதலில் எழும் கேள்வி வேறு. இந்த லோகோ எதன்மேல் அமரப் போகிறது? நீங்கள் மரவேலை செய்பவர் என்பதால் இரும்பைக் காய்ச்சி மரத்தில் முத்திரை பதிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. வேர்களுக்கு நடுவே நூலளவு இடைவெளி விட்டு வரைந்திருந்தால், சூடு பட்டதும் அந்த இடைவெளி கருகி மூடிக்கொண்டு, வேர் முழுவதும் ஒரே கறையாகிவிடும். திரையில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பலகையில் நிற்காது. ஆகவே ஓவியரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் தகவல், மிகச் சிறிய அளவு என்ன, எந்தப் பொருளின்மேல், எத்தனை நிறத்தில் என்பதே.

இரண்டு சொற்களை மட்டும் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். ஒன்று வெக்டர். கோடுகளைக் கணக்கு வடிவில் சேமிக்கும் கோப்பு அது. பெயர்ப்பலகை அளவுக்குப் பெருக்கினாலும் விளிம்பு சிதையாது. ஒருமுறை ஒரு நிறுவனம் தன் லோகோவைக் கைப்பேசியில் வந்த படமாகவே அனுப்பி, ஆளுயரப் பலகைக்கு அச்சடிக்கச் சொன்னது. விளிம்புகள் படிக்கட்டு போலத் தெரிந்தன. மூலக்கோப்பு யாரிடமும் இல்லாததால் லோகோவை முதலிலிருந்து திரும்ப வரைய நேர்ந்தது. மற்றொன்று பான்டோன். 1963இல் அறிமுகமான இந்த முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது, அச்சு மையைக் கலந்து காட்டுகிறது. ஆகவே திரையில் சுடர்விடும் சில பச்சைகளும் நீலங்களும் வழக்கமான நான்கு மை அச்சில் மங்கியே வரும். எண்ணைச் சொல்லிவிட்டால், யார் கண்ணுக்கு எது பச்சை என்ற வாதம் எழாது.

பதில்: கணக்குப்புத்தகம்

நான் ஓவியரல்லன், உங்களைப் போலத் தொழில் நடத்துபவன். ஆகவே மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் லோகோவுக்காக நான் இந்தச் சொற்களையெல்லாம் ஆர்வத்தோடு படித்துக்கொண்டு போய், "இந்த எழுத்தின் கெர்னிங்கை (எழுத்திடை வெளியை) குறையுங்கள், அந்த நிறத்தின் சாச்சுரேஷனை (செறிவை) கூட்டுங்கள்" என்று வரிவரியாகக் கட்டளையிட்டேன். எங்கள் ஓவியரான பெண்மணி சொன்னபடியெல்லாம் செய்து கொடுத்தார். கிடைத்தது என் கற்பனையின் எல்லைக்குள் அடங்கிய ஒன்று. அவருடைய இருபதாண்டு அனுபவம் அதில் எங்குமே இல்லை. நோயாளி மருத்துவரிடம் வலியைச் சொல்ல வேண்டும், மருந்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்துக்கு லோகோ செய்தபோது பல மாதிரிகளைப் பரப்பி வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு தீர்வைத் தந்தார்; அதோடு, ஏன் கனசதுரம், ஏன் அது 28 பாகை சாய்ந்திருக்கிறது, ஏன் ஈ மட்டும் சிறிய எழுத்து என்று படிப்படியாக விளக்கும் ஒரு சிறு நூலையும் கொடுத்தார். என்னை மிகவும் கவர்வது அந்த நூல்தான். வணிகர் கலைச்சொல்லைக் கற்பதைப் போலவே, கலைஞரும் தம் முடிவுகளை வணிகருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். அப்படி விளக்கம் கேட்பதற்கே நமக்குச் சொற்கள் வேண்டும் என்று இப்போது கருதுகிறேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மூலக்கோப்பு யாருக்கு உரியது, பதிப்புரிமை உங்களுக்கு மாற்றித் தரப்படுகிறதா, எழுத்துருவை வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மரவேலையாள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். இலை, தண்டு, எழுத்து எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தன; மாதக்கணக்கில் என்னை உறுத்தியது எதுவென்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. உடனே ஓவியருக்கு இப்படி எழுதினேன்: "தண்டும் எழுத்தும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியவில்லை, வேர்களுக்கு இடையே வெளி போதவில்லை. நிறம் இல்லாமலும் இந்த வடிவம் நிற்க வேண்டும், ஏனென்றால் முக்காலியின் காலில் 2 சென்டிமீட்டர் அளவில் சுட்டுப் பதிக்கப் போகிறோம். எங்கள் சாமான்கள் பேரப்பிள்ளை காலம் வரை உழைக்கும் என்பது பார்த்ததும் தோன்ற வேண்டும். எப்படி என்பது உங்கள் முடிவு."

மரத்தில் சுடப் போகிறோம் என்பதை நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை என்பது எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் அனுப்பிவிட்டார். மரத்தையும் வேரையும் விட்டுவிட்டு, அறுத்த தடியின் குறுக்குவெட்டில் தெரியும் ஆண்டு வளையங்கள் மூன்றை மட்டும் தடித்த கோடுகளாக வைத்து வரைந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறார். பட்டறையில் கிடந்த ஒரு துண்டுப் பலகையில் தம்பி கரித்துண்டால் அதை வரைந்து பார்த்தான். வரைந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டோம்.