டிராக் ரேஸில் மேனுவல் கார் கிளம்பும்போது சக்கரம் சுழல்கிறது: ஆலோசனை தேவை

நியூ ஜெர்சியின் ஐலண்ட் டிராக்வே என்ற நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில் இந்தக் கோடை முழுவதும் 2015 மஸ்டாங் ஜிடி (5.0 லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இயக்கம்) ஓட்டி வருகிறேன். கால் மைல் ஓட்டத்தின் பிற்பகுதியில் குறையில்லை. முதல் 60 அடியில்தான் 2.3 விநாடிக்குக் கீழே இறங்க முடியவில்லை. என்ஜின் 3,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,500 சுற்று) இருக்கும்போது கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. 2,000இல் விட்டால் என்ஜின் திணறுகிறது. வண்டி கிளம்பும் கோட்டில் உள்ள ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகே ஓட்ட நேரம் கணக்கிடப்படுவதால், பச்சை விளக்குக்கு நான் தாமதமாகக் கிளம்புவது இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

பின் டயர்களின் காற்றழுத்தத்தை 35இலிருந்து 28 பிஎஸ்ஐக்குக் குறைத்தேன். சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்தேன். தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சிறிய பர்ன்அவுட்டும் (டயரைச் சூடாக்க, நின்றபடி சக்கரத்தைச் சுழற்றுவது) செய்தேன். லாஞ்ச் கன்ட்ரோல் என்ஜின் சுழற்சியை நிலையாக வைத்திருக்கிறதே தவிர, கிளட்சை விடும் வேகம் என் காலிடம்தான் இருக்கிறது. பிடிமானம் அதிகமுள்ள டிராக் ரேடியல் டயர் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. பிடிமானம் கூடினால் கிளட்சை விடும் அதிர்ச்சி முழுவதும் பின் அச்சுகளுக்கும், அவற்றுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கும் போகும் என்பதால் அதை இப்போதைக்குத் தவிர்க்கிறேன்.

இதே சாலை டயரில், கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியில் காலைச் சற்று நிறுத்தி நழுவவிட வேண்டுமா, அல்லது குறைந்த ஆர்பிஎம்மில் விரைவாக விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக அழுத்த வேண்டுமா?