கார்டு முடிந்துவிட்டது, கையில் ஃபிக்‌ஷன் தாள்தான்: ஊருக்குப் போய் ஜெர்மனிக்குத் திரும்ப முடியுமா?

முதுகலை_மாணவி:
வணக்கம். ஜெர்மனியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் வதிவிட கார்டு செப்டம்பர் 30-இல் முடிந்தது. நீட்டிப்புக்கு ஆகஸ்டிலேயே விண்ணப்பித்தும் புது கார்டு இன்னும் வரவில்லை. வெளிநாட்டினர் அலுவலகத்தில் ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற மடிப்புத் தாளைக் கொடுத்தார்கள், விண்ணப்பம் முடிவாகும் வரைக்கான தற்காலிகச் சான்று. பிப்ரவரி 15 வரை செல்லும். ஜனவரி 22 திருச்சியில் அக்கா கல்யாணம். பாரிஸ் வழியாக டிக்கெட் மலிவாக வருகிறது. போனால் திரும்ப உள்ளே விடுவார்களா? நினைத்து நினைத்து இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பழைய_மாணவன்:
முதலில் அந்தத் தாளைப் பிரித்து 3ஆம் பக்கம் பாரும்மா. மூன்று கட்டங்கள் இருக்கும். எதில் பேனாக்குறி அல்லது பெருக்கல் குறி விழுந்திருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது. மூன்றாவது என்றால் பழைய அனுமதி அப்படியே தொடர்கிறது என்று பொருள், வதிவிடச் சட்டம் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. போய் வரலாம். முதல் இரண்டில் ஏதாவது ஒன்று என்றால் ஜெர்மனியை விட்டு நகராதே. அந்தத் தாளை வைத்துத் திரும்ப நுழைய முடியாது, புது விசா எடுக்க வேண்டியிருக்கும். கார்டு முடியும் முன்பே விண்ணப்பித்தவர்களுக்குப் பொதுவாக மூன்றாவதுதான் வரும்.

முதுகலை_மாணவி:
பார்த்தேன் அண்ணா, மூன்றாவதுதான்! உயிர் வந்தது. பழைய கார்டை ஊரில் வைத்துவிட்டு வரலாமா?

பழைய_மாணவன்:
கூடவே கூடாது. தாள் தனியாக நின்றால் செல்லாது. முடிந்துபோன கார்டும் பாஸ்போர்ட்டும் சேர்ந்தால்தான் நுழைய முடியும். பிப்ரவரி 15-க்குள் ஜெர்மனியில் கால் வைத்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை இழுக்காதே, விமானம் ரத்தானால் வம்பு.

அனுபவப்பட்டவள்:
போன வருடம் இதே நிலைமையில் போய் வந்தேன். ஜெர்மன் எல்லையில் இரண்டே நிமிடம். சிக்கல் ஊரில் கிளம்பும்போது, செக்-இன் கவுன்டரில்தான். அந்தப் பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தேதி முடிந்துவிட்டதே மேடம்" என்றார். மேலதிகாரி வந்து, 3ஆம் பக்கத்தைக் காட்டி, போன் போட்டு, நாற்பது நிமிடம் போனது. அதனால் நான்கு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்றும் கையில் இருக்கட்டும்.

பாரிஸ் வழி சட்டப்படி தவறில்லை. ஆனால் ஷெங்கன் (ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட பொது எல்லை நாடுகள்) நுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். ஜெர்மன் தாளை பிரெஞ்சு அதிகாரிக்கு விளக்கும் வேலை உங்கள் தலையில் விழும். தோஹா அல்லது துபாய் வழியாக நேரே ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குங்கள், சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. லண்டன் வழி வேண்டவே வேண்டாம்: அங்கே விமானம் மாறவே தேவைப்படும் ட்ரான்சிட் விசாவிலிருந்து விலக்கு செல்லுபடியாகும் கார்டுக்குத்தான், முடிந்த கார்டுக்கு இல்லை.

முதுகலை_மாணவி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. தோஹா வழியாகவே போட்டுவிட்டேன். போக ஜனவரி 14, திரும்ப ஜனவரி 30. அம்மாவுக்கு இப்போதுதான் போன் செய்தேன், அழுதுவிட்டார்.