டாலஸ்: கனவு சீசனைப் பார்ப்பதா, தாண்டுவதா?

டாலஸ் என்ற பழைய அமெரிக்க டிவி தொடரை முழுசாகப் பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். யூயிங், பார்ன்ஸ் குடும்பங்களின் எண்ணெய்ப் பகையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். கேதரின் ஓட்டிவந்த காரில் அடிபட்டு யூயிங் குடும்பத்து பாபி இறந்துவிட்டான். அடுத்து 1985-86 சீசன்.

அந்த ஒரு வருடக் கதை மொத்தமும் பாபியின் முன்னாள் மனைவி பாம் கண்ட கனவு, கடைசியில் பாபி ஷவரில் நிற்கிறான் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் முடிவைச் சொல்லிவிடுவீர்களோ என்று தயங்க வேண்டாம். பாபியாக நடித்த பாட்ரிக் டஃபியைத் திரும்பக் கொண்டுவர 31 எபிசோடுகளை ஒன்றுமில்லாமல் ஆக்கியது துணிச்சல்தான், ஆனால் பார்ப்பவன் பாடு?

சரி, என் சந்தேகம் இதுதான். அந்த சீசனைத் தாண்டி நேராக அடுத்ததற்குப் போனால் கதை புரியுமா? பாபியின் அண்ணி சூ எலனின் குடிப்பழக்கக் காட்சிகளில் லிண்டா கிரே பிரமாதம் என்கிறார்கள். அவற்றுக்காக எந்த எபிசோடுகளை மட்டும் பார்க்கலாம்?

எண்ணிலும் குழப்பம். 1978-ல் வந்த ஐந்து பகுதிகளைத் தனி சீசனாகக் கணக்கிட்டால் இது ஒன்பதாவது, இல்லையென்றால் எட்டாவது. ஆகவே பதில் எழுதும்போது ஆண்டையும் எபிசோடின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம், கிளைத்தொடரான நாட்ஸ் லேண்டிங்கில் பாபி இறந்தவனாகவே விடப்பட்டானாமே. அதையும் கூடவே பார்க்க வேண்டுமா?