கம்பம்மெட்டு ஜீப்பும் காகிதப் பொட்டலமும்: வலி மாத்திரைக்குச் சீட்டு வேண்டுமா?

ஏலக்காட்டான்:
எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் திடீரென்று சட்டம் பேசுகிறார்கள். இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டால் "டாக்டர் சீட்டு எங்கே?" என்கிறார்கள். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, மெட்டு தாண்டி, இடுக்கி ஏலத்தோட்டத்தில் இறங்குகிறவள் சீட்டுக்கு எங்கே போவாள்? ஓ.பி. திறக்கும்போது அவள் கேரளாவில் இருப்பாள். ஒருநாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. ஏலக்காய் என்ன, கைக்கெட்டும் கிளையிலா காய்க்கிறது? தூரடியில், தரையோடு காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து எடுக்கிறவளுக்கு ஒரு டைக்ளோஃபெனாக் கொடுப்பது குற்றமா?

மருந்துக்கடை_மேசை:
சட்டம் புதிதல்ல, அண்ணே. டைக்ளோஃபெனாக் 'எச்' அட்டவணை மருந்து; சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது பழைய விதி. அதைவிட எனக்குப் பயம் அந்தப் பொட்டலம்தான். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி மாத்திரை என்று காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதில் என்ன இருக்கிறது? ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்று அமிலத்துக்கு, சரி. அந்தக் குட்டி மாத்திரை டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருந்தால்? வலி பறந்துவிடும், நன்றாகப் பசிக்கும், தெம்பு வந்ததுபோல இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், முகம் உப்பும். பிறகு சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு "மஞ்சள் மாத்திரை" என்பார்கள். டாக்டர் அதை வைத்து என்ன செய்வார்?

மோயாற்றுப்_பாறு:
டைக்ளோஃபெனாக் என்றதும் எனக்குப் பாறுக் கழுகுதான் நினைவுக்கு வருகிறது. மாட்டுக்கு ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பியை மாட்டுக்குத் திருப்பிவிட்டதால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். அழுகிய இறைச்சியையே செரித்துவிடும் பறவைக்கு இந்தக் கதி என்றால் நமக்கு?

ஏலக்காட்டான்:
கழுகை நடுவில் இழுக்காதீர்கள், தம்பி. பாறுக் கழுகைக் கொல்லும் துளியளவு மனிதனைக் கொல்வதில்லை. மூட்டு வலிக்காரர்கள் உலகம் முழுக்க இதைச் சாப்பிட்டுத்தான் எழுந்து நடக்கிறார்கள். பொட்டலத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பெயர் போட்ட அட்டையாகவே கொடுங்கள். கடைக்காரர் பாராசிட்டமாலை நீட்டுகிறார். வீங்கிய முழங்காலுக்கு அது எந்த மூலைக்கு?

பெரியாற்று_நர்ஸ்:
பாராசிட்டமாலை இளக்காரமாகப் பேச வேண்டாம். வீக்கத்தை வற்றவைக்காது, உண்மை. ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் இந்த அளவுக்குச் சோதிக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவு. அசெக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. தலைவலிக்கென்று தனியாகவும் போட்டால் கணக்கு தப்பும், கல்லீரல் கெடும்.

நீங்கள் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே! தோட்டத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக் வலியைத் தணிப்பதே அது சுரப்பதைத் தடுத்துத்தான். வயிற்றின் உள்சுவருக்குக் காவலும் அதுவே. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினாலும் புண் வரலாம், வெறும் கட்டஞ்சாயா குடிக்கிறவளைச் சொல்லவே வேண்டாம். இதோடு பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்ட்டானும், நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே சொல்லிவிட்டது. மழைக்காலக் காய்ச்சலா? டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

ஏலக்காட்டான்:
அப்படியானால் கழிப்பறை கட்டாத முதலாளியிடம் கேளுங்கள் அக்கா சீட்டு. அவளிடம் ஏன் கேட்கிறீர்கள்?

மருந்துக்கடை_மேசை:
முதலாளிக்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அதுவரை அவள் சிறுநீரகம் காத்திருக்காதே, அண்ணே. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரை அட்டைகளோடு கடைக்கு வரச் சொல்லுங்கள். எது எதோடு சேராது என்று பார்த்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. முழங்கால் மட்டும் என்றால் முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவட்டும்; மாத்திரையைவிட ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும்.

ஏலக்காட்டான்:
ஜெல் தடவிய கையோடு காய் எடுத்தால் கங்காணி விடுவாரா? ராத்திரி தடவச் சொல்கிறேன். சீட்டு விஷயத்தில் என் பேச்சு பேச்சுதான்.