“பார்ப்போம்” என்று சொன்ன பிறகு: தலைவர்களோடு பேசிய கூட்டங்கள், திருகோணமலை (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கொட்டியாரக்குடா

தம்பலகாமம் பக்கம் ஒரு நடமாடும் சேவை. நடுவில் அமைச்சரும் எம்.பி.மாரும் இருக்கிற மேசை, சுற்றிவரத் திணைக்களங்கள். எல்லோருக்கும் பழகின காட்சிதான்.

தகப்பன் பெயரில் வயல் பெர்மிட், அதாவது அரச காணியில் பயிர்செய்யத் தரும் அனுமதிப்பத்திரம். தாய் தகப்பன் இருவருமே இல்லை. பின்னுரித்தாளர் (பெர்மிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறுகிறவர்) எவரும் பதியப்படவில்லை. மூத்த பிள்ளை மகள். “ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை, தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று மேசையில் இருந்தவர் சொல்ல, அமைச்சரும் தலையாட்டினார். அந்தப் பிள்ளை பொலித்தீன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அமைச்சருக்கு முன்னால் வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றிப் பிடித்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு 2022இல் வந்த 11ஆம் இலக்கத் திருத்தம். பின்னுரிமை வரிசையில் இருந்த ஆண், பெண் வேறுபாட்டை எடுத்துவிட்ட திருத்தம் அது. அமைச்சர் வாசித்து முடிக்கும்வரை அந்த விரல் அசையவில்லை.

“சரிதானே, செய்து குடுங்கோ” என்றார் அமைச்சர். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கோப்பு அங்கேயே நின்றுவிட்டது. அமைச்சர் வாயால் சொன்னதை எவரும் கோப்பில் எழுதவில்லை. அதோடு கோப்பில் பெற்றோர் இருவரின் மரணச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், காணி இப்போது யார் கையில் என்ற கிராம அலுவலரின் அறிக்கை மூன்றுமே இல்லை. சட்டத்தைச் சரியாகக் கொண்டுபோனவர், கோப்பில் என்ன குறைகிறது என்று முதலில் கேட்டிருந்தால் அந்தக் கைதட்டலுக்கு ஒரு பலன் இருந்திருக்கும்.

உட்துறைமுக வீதி

அமைச்சரிடம் போனதே பிழை என்றுதான் நான் சொல்வேன். பெர்மிட் காணியின் பின்னுரிமையைக் கையாள்கிறவர் பிரதேச செயலாளர். அவருக்கு மேலே மாகாணக் காணி ஆணையாளர். அமைச்சர் அந்த ஏணியில் ஒரு படியே இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. அதனால் மாகாணக் காணி விடயத்தில் தட்டிக்கேட்க நமக்கென்று தெரிவான ஓர் உறுப்பினரும் கிடையாது, ஆளுநர் செயலகம்தான் மிச்சம். மேடையில் இருக்கிற எம்.பி. “சொல்லிவிட்டேன்” என்பது உண்மையாகவே சொன்னதாக இருக்கலாம். சொல்லப்பட்டவருக்கு அது கட்டளை ஆகாது.

இன்னொரு பயங்கரமும் இருக்கிறது, எவரும் பேசுவதில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதென்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதம்தான். “அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்ற ஒரு சொல் அந்த மாதத்தைத் தின்றுவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்குக் கடிதம் கையில் வேண்டும். முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாமல் போன வழக்குகள் உண்டு.

குச்சவெளிக் கரை

எங்கட பக்கம் டைனமைட் வைச்சு மீன் பிடிக்கிறதுதான் பிரச்சினை. எம்.பி. வந்தார், சங்கக் கட்டடம் நிறைஞ்சு வழிஞ்சது. ஒண்டரை மணித்தியாலம் ஆளாளுக்கு ஏசினாங்கள். அவர் கொப்பியைத் திறந்து, “எந்த இடம், எத்தினை மணி, எந்தப் படகு?” எண்டு கேட்டார். சபை அமைதியாப் போச்சு. கடல் இரையிறது மட்டும் கேட்டது. அந்த அமைதிதான் இண்டைக்கும் உறுத்துது, ஏனெண்டா அங்க இருந்த அரைவாசிப் பேருக்கு மூண்டுக்கும் பதில் தெரியும். வெடிச் சத்தத்தில மணி சொல்லக்கூடிய ஆக்கள்.

பயத்தில பேசாமல் இருந்தவையும் இருக்கினம், அதை விளங்கிக்கொள்ள வேணும். ஆனா பெயர் சொல்லாமலே குடுக்கக்கூடிய விசயம் நிறைய இருக்கு. வெடி கேட்ட நேரம், நிமிசக் கணக்கோட. கரையில ரெண்டு அடையாளத்தை ஒரே கோட்டில வைச்சு, இன்னும் ரெண்டை மற்றக் கோட்டில வைச்சு, அந்த ரெண்டு கோடும் வெட்டுற இடம். ஜி.பி.எஸ். இருந்தா அந்த எண். சந்தையில மீனைப் பிடிச்சுப் பாருங்கோ: வெளியில காயம் இராது, முள்ளந்தண்டு நடுவில முறிஞ்சிருக்கும், காற்றுப்பை கிழிஞ்சிருக்கும், வயித்துக்குள்ள இரத்தம் கட்டியிருக்கும். வலையில பட்ட மீனுக்கு அப்பிடி வராது. அந்த மீனைக் கழுவாமல், வெட்டாமல், ஐசில போட்டு அண்டைக்கே கடற்றொழில் பரிசோதகர் கையில குடுக்க வேணும். அடுத்த நாளெண்டா பழுதாப்போன மீன் எண்டு சொல்லிப்போடுவினம். 1996இன் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில 27ஆம் பிரிவு இருக்கு, வெடிவைக்கிறது மட்டுமில்லை, அப்பிடிப் பிடிச்ச மீனெண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறதும் விக்கிறதும் குற்றம். சந்தையில வைச்சுக் கேட்டா கடலுக்குப் போய்ப் பிடிக்கத் தேவையில்லை. அதை அண்டைக்கு ஒருத்தரும் எம்.பி.யிட்டச் சொல்லேல்லை.

பழைய எழுதுவினைஞர்

மேலே எழுதியவர்கள் மூவரும் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். கூட்டத்துக்கு முந்திய பத்து நாளும் பிந்திய முப்பது நாளும்தான் வேலை நடக்கிற காலம். கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலோ மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலோ நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயம் “வேறு விடயங்கள்” என்ற கடைசித் தலைப்பில் விழும். அந்த நேரம் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். திணைக்களத் தலைவரும் பதிலோடு வந்திருக்க மாட்டார், “தேடிப் பார்த்து அறிவிக்கிறேன்” என்பார், அவரில் பிழையில்லை. அதனால் முதலே ஒரு கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. முதல் வரியில் கோப்பு இலக்கம், பெர்மிட் இலக்கம், கிராம அலுவலர் பிரிவு. காணி விடயமென்றால் பெர்மிட்காரர் இறந்த திகதியும் முதல் வரியிலேயே வரவேண்டும், எந்தச் சட்டநிலை பொருந்தும் என்பது அதிலிருந்துதான் தொடங்கும். இரண்டாம் பந்தியில் என்ன தீர்மானம் வேண்டும், அதை எடுக்கக்கூடிய அலுவலர் எந்தப் பதவி. துயரத்தை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மூன்றாம் பந்தியில் வையுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம். காணி, வீடு, கிணறு மூன்றையும் ஒன்றாக எழுதினால் கடிதம் மூன்று கிளைக்குச் சுற்றும், ஒவ்வொரு கிளையும் மற்றக் கிளையைக் காட்டும். செயலகத்தில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால்.

கூட்டம் முடிந்ததும் கூட்டறிக்கை, அதாவது கூட்டத்தில் நடந்ததைப் பதியும் குறிப்பு. அதில் “கவனத்தில் கொள்ளப்பட்டது” என்று இருந்தால் எவருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். “நடவடிக்கை: இன்னார், இன்ன திகதிக்கு முன்” என்று இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் தலைமை வகிப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இதை யார் செய்வதென்று அறிக்கையில் போடச் சொல்லுவீங்களோ?” அமைச்சர்மாரும் இதற்கு மறுப்புச் சொல்வது குறைவு.

பிறகு 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பலர் “ஏன் இன்னும் செய்யவில்லை?” என்று எழுதி, பதில் வராமல் சலித்துப் போகிறார்கள். அந்தச் சட்டம் ஆவணம் கொடுக்கிற சட்டம், காரணம் விளக்குகிற சட்டமில்லை. “இன்ன திகதிக் கூட்டறிக்கையின் பிரதி”, “இன்ன இலக்கக் கோப்பில் இன்ன மாதத்துக்குப் பிறகு எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி” என்று கேளுங்கள். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும், தருவதாகத் தீர்மானித்தால் அடுத்த 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கூடுதல் நேரம் வேண்டுமானால் காரணத்தோடு 21 நாட்கள் மட்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதம். பெரும்பாலானோர் தவறவிடுவது நடுவிலுள்ள அந்த 14 நாளைத்தான். விண்ணப்பம் போட்ட அன்றே கலண்டரில் எல்லாத் திகதிகளையும் வட்டமிட்டு வையுங்கள்.

சம்பூர் வழி

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஆவணமே எரிந்துபோனவர்களுக்கு?

போரில் மக்கள் விட்டுப்போய், அரசு எடுத்து வைத்திருந்த காணிகளின் விடுவிப்பு பற்றிய ஒரு கூட்டம். வந்தவர் “818 ஏக்கர் 2015இல், 237 ஏக்கர் 2016இல்” என்று கணக்கு வாசித்தார். கணக்கில் பிழையில்லை. முன்வரிசையில் இருந்த முதியவர் எழும்பி, “என்ர கிணறு கம்பிக்கு எந்தப் பக்கம் தம்பி?” என்றார். வந்தவர் வரைபடத்தை விரித்தார். அதில் கிணறுகள் இல்லை.

2006இல் எழும்பி ஓடியவர்கள் திரும்பி வந்தபோது எல்லைக் கல் இல்லை, கிளுவை வேலி இல்லை, பாதையே மாறிக் கிடந்தது. காணியை எடுத்த வர்த்தமானி அறிவித்தலை ரத்துச் செய்வது ஒரு வேலை. துண்டு துண்டாக அளந்து ஆளுக்கு ஆள் கையளிப்பது இன்னொரு வேலை. தலைவர்களோடு பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும்: எத்தனை ஏக்கர் என்று கேட்காமல், எத்தனை துண்டு அளக்கப்பட்டது, நில அளவையாளர் எந்த மாதம் வருகிறார் என்று.

உறுதி (காணிப் பத்திரம்) தொலைந்தவர்கள் மனம்விட வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி தெரிந்தால் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள், அவருடைய எல்லை விவரத்தில் உங்கள் தகப்பனோ பாட்டனோ பெயரோடு இருப்பார். கிணற்றுக் கட்டு, பழைய பனை, வீட்டு அத்திவாரம் இவற்றை இடிக்கவோ துப்புரவாக்கவோ முன் திகதியோடு படம் எடுங்கள். வந்த சந்தோசத்தில் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டு அளவையாளரிடம் காட்ட ஒன்றுமில்லாமல் நின்ற குடும்பங்கள் இருக்கின்றன.

குறிஞ்சாக்கேணி

பழைய எழுதுவினைஞர் ஐயாவோடு எனக்கு ஒரு உடன்பாடின்மை. எழுதிக் கொடுத்தால் நடக்கும் என்பது போலத் தொனிக்கிறது. குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஐ நினைத்துப் பாருங்கள். பாலம் கட்டுவதற்காக வழி மூடி, பிள்ளைகள் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவையில்) கடந்தார்கள், பாதை கவிழ்ந்தது. இழவு வீடுகளுக்கு வந்த பெரியவர்களிடம் ஒரு தாய் கேட்டது, “பாலத்துக்குக் காசு போட்ட நேரம், அதுவரைக்கும் எங்கட புள்ளைகள் எதால போறதெண்டு ஆராவது கேட்டீங்களா?” வந்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்தார். மற்றவர்கள் அபிவிருத்தியைப் பற்றிப் பேசினார்கள்.

அடிக்கல் நாட்டுகிற அன்றே கேட்க வேண்டிய கேள்விகள் அவை. மாற்றுப் போக்குவரத்துக்கு மதிப்பீட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறதா, யார் பொறுப்பு? பாதை என்றால் எத்தனை பேர், அதை எண்ணுகிறவர் யார், உயிர்காப்பு அங்கி எத்தனை, பிள்ளைகளின் அளவில் எத்தனை? பெரியவரின் அங்கி ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கு மேலால் கழன்றுவிடும். பள்ளி நேரத்தில் சுமை கூடுவது எல்லோருக்கும் தெரியும், அந்த அரை மணித்தியாலத்துக்கு மட்டும் இரண்டாவது பயணம் வைக்கலாம். இவற்றை எழுத்தில் மட்டும் கொடுத்தால் கிளைக்குப் போய்ச் சேர நாளாகும். கல் நாட்டுகிற மேடைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்க, சத்தமாகக் கேட்கத்தான் வேண்டும்.

கோணேசர் மலையடி

ஒரு விடயம் மட்டும். கூட்டத்துக்குப் பிறகு வந்த பதில் தனிச் சிங்களத்தில். வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி மூன்று நாள், அதற்குள் மேன்முறையீட்டுத் திகதி போயிற்று. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெற உரிமை உண்டு. முதற் கடிதத்தின் கீழேயே “பதிலைத் தமிழில் தரவும்” என்று எழுதி ஒப்பமிடுங்கள். அப்படியும் தனிச் சிங்களத்தில் வந்தால் உறையோடு சேர்த்துப் பிரதி எடுத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். உறையில் இருக்கிற தபால் முத்திரைதான் நாள் தவறியதற்குச் சான்று.

கொட்டியாரக்குடா

உட்துறைமுக வீதிக்கு: பிரதேச செயலாளரிடம்தான் முதலில் போகவேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை போனது, திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் நடமாடும் சேவைக்கு வந்தது. அதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களின் தகப்பனோ தாயோ உயிரோடு இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம். பின்னுரித்தாளரைப் பெயரிடும் பத்திரத்தை மூன்று பிரதிகளில் சாட்சிகளோடு ஒப்பமிட்டு, அவர் உயிரோடு இருக்கும்போதே பதிய வேண்டும். இறந்த பிறகு பதிவுக்குப் போகிற பத்திரம் செல்லாது. பெர்மிட் என்றால் பிரதேச செயலகப் பதிவேட்டில், அளிப்புப் பத்திரம் (பெர்மிட்டுக்கு அடுத்த கட்டமாக அரசு தரும் உரித்துப் பத்திரம்) என்றால் காணிப் பதிவகத்தில். பெயரிடப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை தவறிப்போகும். பெயரிடப்படாத கணவனோ மனைவியோ காணியை அனுபவிக்கலாம், ஆனால் அவர் வேறொருவரைப் பெயரிட முடியாது. இந்த ஒரு வரி தெரியாமல் தாய்மார் எழுதிவைத்த கடிதங்கள் எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன.

அந்தப் பிள்ளையின் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் இப்போது பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி கேட்டுப் போயிருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறது. 14 வேலை நாள் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது.