டெக்சஸ் தேசியக் காவல் படையிலிருந்து விலகிய அக்கா மகனுக்கு மாநில அரசாங்கம் என்ன செய்யும்?

ஈசூன் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா குடும்பம் நீண்ட காலமாக அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வசிக்கிறது. அங்கேயே பிறந்து அந்நாட்டுக் குடிமகனாக வளர்ந்த அக்கா மகன், உயர்நிலைப் பள்ளியை முடித்த கையோடு டெக்சஸ் மாநிலத்தின் தேசியக் காவல் படையில் சேர்ந்தான். மாதத்தில் ஒரு வாரயிறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சி. மற்ற நாள்களில் கிடங்கு ஒன்றில் வேலை. இடையில் ஏறத்தாழ ஓராண்டு வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டான். திரும்பிய பிறகு ஆளுநரின் அழைப்பை ஏற்று மெக்சிகோ எல்லைப் பணிக்கும், பின்னர் வெள்ள மீட்புப் பணிக்கும் சென்றான். சில மாதங்களுக்கு முன்பு, வெள்ளத்தில் சிக்கிய ஒரு முதியவரைத் தூக்கிப் படகில் ஏற்றும்போது அவனுடைய முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அதன்பின் ஒப்பந்தக் காலமும் முடிந்து, படையிலிருந்து விலகிவிட்டான்.

சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கப் போன இடத்தில், காயம் ஏற்பட்ட நாள்கள் "இராணுவச் சேவைக் காலமாகக் கருதப்படமாட்டா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சீருடை அணிந்து, மேலதிகாரியின் கட்டளைப்படி செய்த வேலை எப்படிச் சேவையாகாமல் போகும் என்று அக்கா தொலைபேசியில் அழுகிறார். எனக்கும் விளங்கவில்லை. நான் இங்கே தேசிய சேவை செய்தவன். முழுநேரச் சேவையின் இரண்டாண்டிலும் சரி, பிறகு முகாம் பயிற்சிக்கு அழைக்கப்பட்டபோதும் சரி, என்னை அழைத்தது ஒரே அரசாங்கம், பொறுப்பேற்பதும் அதே அரசாங்கம். ஒரு மாநிலத்துக்கென்று தனியாகப் படை எதற்கு, அந்தப் படைவீரர் யாருடைய பொறுப்பு, முன்னாள் படைவீரர்களுக்கென்று டெக்சஸ் மாநில அரசாங்கம் தனியாக என்னென்ன செய்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


ஆஸ்டினில் இருந்தவள் எழுதியது:

வணக்கம். என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றியவர். சிங்கப்பூருக்குத் திரும்புவதற்கு முன்பு நாங்கள் ஆஸ்டினில் வசித்ததால் இந்த அலுவலகங்களின் நடைமுறை எனக்கு ஓரளவு பழக்கம். உங்கள் அக்கா மகனுக்கு நேர்ந்திருப்பது காவல் படையினர் பலருக்கும் நேர்வதுதான். காயம்பட்ட அன்று அவர் யாருடைய ஆணையின்கீழ் இருந்தார் என்ற ஒன்றைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

தேசியக் காவல் படைக்கு ஆளுநர், அதிபர் என்று இரண்டு தலைமைகள் உண்டு. மத்தியச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பின்கீழ் அழைக்கப்பட்டால் அவர் அதிபரின் கட்டளைக்கு உட்பட்ட வீரர். வெளிநாட்டுப் பணி இந்த வகையைச் சேர்ந்தது. 32ஆம் தலைப்பின்கீழ் என்றால் கட்டளையிடுபவர் ஆளுநர், பணம் கொடுப்பது மத்திய அரசாங்கம். மாதாந்தரப் பயிற்சி பெரும்பாலும் இதில் அடங்கும். மூன்றாவது, மாநிலப் பணி. கட்டளையும் ஆளுநருடையது, சம்பளமும் மாநிலக் கருவூலத்திலிருந்து. 2021 மார்ச் மாதம் ஆளுநர் தொடங்கிய எல்லைப் பணியில் பெரும்பாலான வீரர்கள் இந்த மூன்றாம் வகை ஆணையில்தான் நிறுத்தப்பட்டார்கள். உடுப்பு, துப்பாக்கி, அதிகாரி எல்லாம் ஒன்றாகவே இருக்கும். தாளில் உள்ள ஒரு வரி மட்டும் மாறும். அந்த ஒரு வரிதான் ஒருவருடைய முழங்காலுக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கிறது. இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

முதல் இரண்டு வகை ஆணையில் இருந்தபோது காயம் ஏற்பட்டிருந்தால், பணியின்போது நேர்ந்தது என்று பிரிவு அதிகாரி பதிவு செய்த அறிக்கையைக் காட்டி மத்திய முன்னாள் படைவீரர் துறையிடம் இழப்பீடு கோரலாம். மாநிலப் பணியில் ஏற்பட்ட காயத்துக்கு அந்தக் கதவு திறக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம். மாநிலப் பணியில் இருக்கும் காவல் படை வீரரை டெக்சஸ் சட்டம் மாநில ஊழியராகவே கருதி, வேலையிடக் காய இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கிறது. அத்திட்டத்தின்படி காயத்தை 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். மேலதிகாரிக்கு அப்போதே தெரிந்திருந்தால் முதல் நிபந்தனையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாவதுதான் அவசரம். சில மாதங்கள் ஓடிவிட்டன என்கிறீர்களே!

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பேரிடரின் நடுவே ஆணையின் வகை மாறுவதுண்டு. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது மாநில ஆணைகளில் புறப்பட்ட காவல் படையினரை, செப்டம்பரில் எடுத்த முடிவின்படி, ஆகஸ்ட் 29ஆம் தேதியிலிருந்தே 32ஆம் தலைப்பின்கீழ் இருந்தவர்களாக மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆகவே புறப்பட்ட அன்று கையில் கொடுத்த தாளோடு நின்றுவிடாமல், பிற்பாடு திருத்திய ஆணை ஏதும் வந்ததா என்று பிரிவு அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

முழங்காலை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால், வெளிநாட்டில் கழித்த அந்த ஓராண்டு அவரை ஐயத்துக்கு இடமின்றி முன்னாள் படைவீரராக்குகிறது. அதற்குச் சான்றாக டிடி-214 என்ற படிவம் அவரிடம் இருக்கும். காவல் படையிலிருந்து விலகியதற்கு என்ஜிபி-22 என்ற வேறொரு படிவம் உண்டு. இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மாநில அரசாங்கத்தின் உதவிகள் பெரும்பாலும் இந்தப் படிவங்களைப் பார்த்தே கிடைக்கின்றன.

அவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது ஹேஸல்வுட் சட்டம். சேவையில் சேரும்போது டெக்சஸ்வாசியாக இருந்து, பயிற்சிக் காலம் நீங்கலாகக் குறைந்தது 181 நாள் மத்தியப் பணியில் இருந்து, நன்னடத்தையுடன் விலகியவருக்கு, மாநிலத்தின் அரசாங்கக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 150 பாட அலகு மணி வரை கல்விக் கட்டணம் கிடையாது. தங்குமிடம், உணவு, நூல்கள் ஆகியவற்றின் செலவு அவருடையது. தாம் படிக்காமல் மிச்சம் வைத்த மணிகளைத் தம் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கு இனி அந்தக் கால் ஒத்துழைக்காது என்றால், படிப்புதான் அவருக்கு நல்ல வழி.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் முன்னாள் படைவீரர் நில வாரியத்தை அணுகலாம். 1946இல், உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் வாங்கக் கடன் கொடுப்பதற்காகத் தொடங்கிய வாரியம் அது. இன்று வீட்டுக் கடன், பழுதுபார்ப்புக் கடன், முதியோருக்கான பராமரிப்பு இல்லங்கள், கில்லீன் போன்ற ஊர்களில் உள்ள முன்னாள் படைவீரர் கல்லறைத் தோட்டங்கள் வரை அதன் பொறுப்பில் உள்ளன.


கிராண்ட் பிரேரி நுட்பர் எழுதியது:

ஒரு மாநிலத்துக்குத் தனியாகப் படை எதற்கு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூர் ஆகாயப் படையின் சினூக் ஹெலிகாப்டர் பிரிவில் நுட்பராகப் பணியாற்றியவன் நான். அந்தப் பிரிவு 1990களில் டெக்சஸ் மாநிலத்தின் கிராண்ட் பிரேரியில், டெக்சஸ் தரைப்படைக் காவலர்களோடு சேர்ந்து பயிற்சி பெறத் தொடங்கியது. கத்ரீனாவின்போது அங்கிருந்து 4 சினூக் ஹெலிகாப்டர்கள் லூசியானாவுக்கு மீட்புப் பணிக்குப் பறந்தன. 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி சூறாவளி ஹியூஸ்டனை மூழ்கடித்தபோதும் நமது சினூக் ஹெலிகாப்டர்கள் டெக்சஸ் காவல் படையோடு பணியில் இறங்கின. ஆகவே உங்கள் அக்கா மகன் இருந்த படை நம்மவர்களுக்கு அந்நியமான படையன்று.

ஹார்வியின்போது ஆளுநர் தம் காவல் படை முழுவதையும், ஏறத்தாழ 12,000 பேரை, அழைத்தார். இதற்காக அவர் வாஷிங்டனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே இந்த அமைப்பின் பயன். ஒரு பெருநிலப்பரப்பில் வெள்ளமோ காட்டுத்தீயோ வெடிவிபத்தோ நேர்ந்தால், தலைநகரில் முடிவெடுத்து ஆள் அனுப்புவதற்குள் காலம் கடந்துவிடும். மேலும், 1878ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, நாடாளுமன்றமோ அரசமைப்போ வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, இராணுவம் உள்நாட்டில் காவல்துறை வேலையைச் செய்யத் தடை விதிக்கிறது. ஆளுநரின் கட்டளையில் இருக்கும் காவல் படைக்கு அந்தத் தடை பொருந்தாது. இங்கே குடிமைத் தற்காப்புப் படை, காவல்துறை, ஆயுதப் படை ஆகியவை பகிர்ந்து செய்யும் உள்நாட்டுப் பாதுகாப்பு வேலைகளில் பெரும்பகுதிக்கு அங்கே ஆளுநர் முதலில் அழைக்கக்கூடியது இந்தப் படையைத்தான்.

வெள்ளம் மட்டுமே அவர்கள் வேலை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆஸ்டினில் 6ஆவது குடிமை உதவிக் குழு என்ற சிறு பிரிவு இருக்கிறது. 22 முழுநேர வீரர்கள் கொண்ட இத்தகைய குழு ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய பொடியோ வாயுவோ கதிரியக்கமோ காணப்பட்டால் அங்கு சென்று, அது என்ன பொருள் என்று கண்டறிந்து, உள்ளூர்த் தீயணைப்பாளர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர்கள் பணி. இவர்களுக்கு அடுத்த நிலையில், நாடெங்கும் 10 வட்டாரங்களுக்கு ஒன்றாக, சுமார் 570 பேர் கொண்ட உள்நாட்டு மீட்புப் படைகள் இருக்கின்றன. ஆர்கன்சா, லூசியானா, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா, டெக்சஸ் ஆகிய ஐந்து மாநிலங்களுக்குமான படையை டெக்சஸ் காவலர்களே நடத்துகிறார்கள். இடிபாடுகளில் தேடுதல், நச்சுப்பட்டவர்களைக் கழுவித் தூய்மைப்படுத்துதல், முதற்கட்ட மருத்துவம் ஆகியவற்றுக்கு அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.

முந்தைய பதிவில் சகோதரி சட்ட நிலையைச் சரியாக விளக்கியிருக்கிறார். அதை வாசிப்பவர்கள் மாநிலப் பணி ஏதோ இரண்டாந்தரமானது என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெள்ள நீரில் இறங்கியவனுக்கும் வெளிநாட்டு முகாமில் நின்றவனுக்கும் இடையே வீரத்திலோ கடமையிலோ வேறுபாடு இல்லை. பணம் எந்தக் கருவூலத்திலிருந்து வருகிறது என்பதுதான் வேறுபாடு. அந்தத் தம்பியிடம் இதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.


ஈசூன் வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அக்கா மகனிடமே பேசினேன். ஆணைத் தாளைத் தேடிப் பார்த்ததில் அது மாநிலப் பணி ஆணைதான் என்று தெரிகிறது. திருத்திய ஆணை எதுவும் அவன் கைக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருந்த காலத்தில் முதுகு வலியும் காது இரைச்சலும் தொடங்கின என்று இப்போதுதான் சொல்கிறான். அதைப் பற்றி அவன் எங்கும் விண்ணப்பித்ததில்லை. இதற்கிடையே தனியார் நிறுவனம் ஒன்று, எல்லாக் கோரிக்கைகளையும் தாங்களே எழுதிப் பெற்றுத் தருவதாகவும், கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றும் அக்காவிடம் சொல்லியிருக்கிறது. கையெழுத்திடலாமா?


தேக்கா வழக்கறிஞர் உதவியாளர் எழுதியது:

தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம் என்று இன்றே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மத்திய முன்னாள் படைவீரர் துறையிடம் முதன்முதலாகச் செய்யும் கோரிக்கையைத் தயாரித்துக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அத்துறையின் அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே அந்த உதவியைச் செய்யலாம். முதல் முடிவு வந்து, அதை எதிர்த்து மறுபரிசீலனைக்குப் போகும் கட்டத்தில்தான் அங்கீகரிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்டணம் பெறலாம்.

இதே வேலையை டெக்சஸ் முன்னாள் படைவீரர் ஆணையம் காசு வாங்காமல் செய்கிறது. கோரிக்கையை எழுதுவது, மருத்துவச் சான்றுகளைத் திரட்டுவது, மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டில் வாதாடுவது வரை அவர்களுடைய ஆலோசகர்கள் உடன் நிற்பார்கள். வேலை தேடுவதற்கும் கல்விச் சலுகைக்கும் அங்கேயே பிரிவுகள் உண்டு. உள்ளூர் அறநிறுவனங்கள் வழியாக வாடகை, மின்கட்டணம், மனநல ஆலோசனை போன்றவற்றுக்குப் பணம் போய்ச் சேர ஆணையம் ஒரு நிதியையும் நடத்துகிறது. மாநில லாட்டரியில் இதற்கென்றே விற்கும் சுரண்டல் சீட்டுகளின் வருவாய் 2009 முதல் அந்த நிதிக்குப் போகிறது. கால் சரியாகும் வரை குடும்பம் சமாளிக்க இதையும் கேட்டுப் பார்க்கலாம். மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் சேவை அலுவலகம் இருந்தாக வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்வதால், ஹியூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்திலேயே நேரில் பேச ஓர் அலுவலகம் இருக்கிறது.

முதுகு வலியையும் காது இரைச்சலையும் முழங்காலோடு சேர்த்து ஒரே விண்ணப்பமாக எழுதக் கூடாது. முன்னவை மத்தியப் பணியில் தொடங்கியவை, ஆகவே அவை மத்தியத் துறைக்குப் போக வேண்டும். அங்கே முழு விண்ணப்பம் தயாராகும் முன்பே, விண்ணப்பிக்க எண்ணியிருப்பதாக ஒரு சிறு படிவத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்த ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைச் சேர்த்தாலும் அந்த முதல் தேதியே பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படும். வெளிநாட்டில் அவரோடு இருந்தவர்கள், அப்போது அவர் காது இரைச்சலைப் பற்றிச் சொன்னதை நேரில் அறிந்தவர்களாக இருந்தால், எழுத்துமூலம் வாக்குமூலம் தரலாம்.

முழங்கால் மாநிலத்தின் வேலையிடக் காய இழப்பீட்டுக்குப் போக வேண்டும். இதில்தான் நாள் கடந்துகொண்டிருக்கிறது. விபத்து நேர்ந்த நாள், இடம், உடனிருந்த இருவர் மூவரின் பெயர், அன்றிரவே பார்த்த மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றுடன், பிரிவு அதிகாரி எழுதிய விபத்து அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்பது நல்லது. கேட்ட தேதிக்கு அதுவே சான்றாகும். அந்த அதிகாரி வேறு பிரிவுக்கு மாறிப் போயிருந்தால், ஆஸ்டினில் கேம்ப் மேப்ரி முகாமில் உள்ள டெக்சஸ் இராணுவத் துறைத் தலைமையகத்துக்கு எழுதலாம். நகல் வரட்டும் என்று காத்திருக்காமல் கோரிக்கையை முதலில் பதிவு செய்துவிட்டு, ஆவணங்களைப் பின்னர் சேர்க்கலாம்.