தெங்கிலிங் கடலுக்குள் நின்ற கதை

ஆயர் ஈத்தாமிலிருந்து:

இங்கே பினாங்கில் போன மழைக்காலம், ராத்திரி பதினொன்றரை இருக்கும். குப்பை போட வெளியே வந்தால் லோங்காங் (சாக்கடை) ஓரமாகச் சருகு சரசரக்கிறது. டார்ச் அடித்தேன். தெங்கிலிங்! ஊரில் அலங்கு, எறும்புத்தின்னி என்பார்களே, அதுதான். உடம்பெல்லாம் அன்னாசித் தோல் மாதிரி செதில். பின்னங்காலில் எழுந்து, முன்கை இரண்டையும் மார்போடு ஒட்டிக்கொண்டு, காற்றை மோந்து பார்த்தது. அப்புறம் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நடையைக் கட்டியது.

விலங்கு, செடிகளைப் பார்த்த இடத்தோடு பதியும் செயலியான ஐநேச்சுரலிஸ்ட்டில் படத்தை ஏற்றினேன். என் போனில் புள்ளி சரியாக எங்கள் சந்தில். பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்காவோ, "தம்பி, உன் தெங்கிலிங் கடல்ல நிக்குதுடா, பெர்ரி ஏறப் போகுதா?" என்கிறார்.

கோளாறு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அழியும் நிலையில் உள்ள விலங்கென்றால் அந்தச் செயலி இடத்தை வேண்டுமென்றே மறைக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வரும் ஒரு கட்டத்துக்குள் புள்ளியை எங்கேயாவது போட்டுவிடும். நம் தீவே ஏறக்குறைய அவ்வளவுதான், கடலில் விழாமல் என்ன செய்யும்? பதிவு செய்தவருக்கும் அவர் அனுமதித்தவர்களுக்கும் மட்டும் உண்மையான இடம் தெரியும். 2017 முதல் நாடுகளுக்கிடையே எறும்புத்தின்னி வணிகத்துக்குத் தடை. ஆனாலும் செதிலுக்காகப் பிடிக்கிறவன் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தெலுக் பாகாங்கிலிருந்து:

எங்கள் பக்கம் கதை நேர்மாறு, தம்பி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடக்கும். எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்கு என்பது வரை தெரிந்தால்தான் பிரயோஜனம். 2019இல் இங்கே அவை கடப்பதற்காக ரோட்டுக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் கட்டிய பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 22 கிலோமீட்டர் கட்டத்தை வைத்துக்கொண்டு அதை எங்கே கட்டுவது?

நானும் ஆர்வத்தில் குறிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்து வரைபடத்தைப் பார்த்தால் அத்தனை லோத்தோங்கும் தார் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது! குரங்கு இருந்த மரத்தை விட்டுவிட்டு, நான் நின்ற இடத்தையே குறித்திருக்கிறேன். இப்போது புள்ளியை விரலால் நகர்த்தி மரத்தில் வைத்த பிறகுதான் சேமிக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து:

ஆயர் ஈத்தாம் அண்ணே, செயலி மறைத்தது சரி. ஆனால் நீங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, அங்கிருந்து எங்கள் குழு வரைக்கும் வந்த படத்தில் பின்னால் தெருப் பெயர்ப் பலகை பளிச்சென்று தெரிகிறதே?

ஆயர் ஈத்தாமிலிருந்து:

ஐயோ. அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள். அக்காவிடமும் சொல்கிறேன்.